குளியலறைச் சுவரில் தண்ணீரை எங்கே தடுப்பது?

குளியலறைச் சுவருக்கு டைல்ஸுக்குப் பதிலாகப் பேனல் ஒட்டும் வழக்கம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பழையது; சென்னை, கோவை போன்ற நகரங்களிலும் இப்போது பரவி வருகிறது. பிவிசி, மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, லேமினேட் ஒட்டிய பிளைவுட் அல்லது எம்டிஎஃப் என்று வகைகள் பல. பெரும்பாலும் எல்லாமே 'வாட்டர்ப்ரூஃப்' என்ற பெயரில்தான் விற்பனைக்கு வருகின்றன. பிவிசித் துண்டைத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காட்டும் கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அந்தப் பொருள் தண்ணீரை உறிஞ்சாது என்பது உண்மை. ஆனால் பலகை நனையாமல் இருப்பது வேறு, அதன் பின்னால் உள்ள சுவர் நனையாமல் இருப்பது வேறு.

பேனல் ஒட்டிய குளியலறைகளில் பேசப்படும் சேதங்கள் நாடு எதுவானாலும் ஏறக்குறைய ஒரே மாதிரியானவை: அடிவிளிம்பு உப்புதல், லேமினேட் மேலெழுதல், சிலிக்கான் ஓரத்தில் கறுப்புப் பூஞ்சை, குழாய் வெளிவரும் துளையைச் சுற்றி ஊறல், பக்கத்து அறைச் சுவரில் பெயிண்ட் பொரிதல். இவற்றில் பலகையின் நடுப்பரப்பு பழுதாவது அரிது. தண்ணீர் விளிம்பு வழியாகவோ இணைப்பு வழியாகவோதான் போயிருக்கும். ஆகவே எந்தப் பலகை நல்லது என்பதைவிட அடிப்படையான கேள்வி ஒன்று உண்டு. சுவரின் முகத்திலேயே தண்ணீரை நிறுத்துவதா, முகத்துக்குப் பின்னால் ஒரு தடுப்பு அடுக்கு வைத்து நிறுத்துவதா, அல்லது கொஞ்சம் உள்ளே வரும் என்று ஒப்புக்கொண்டு அது வெளியேறவும் காயவும் வழி செய்வதா?

சுண்ணாம்புக் காலம்

இந்தக் கேள்விக்கு எழுத்தில் கிடைக்கும் மிகப் பழைய விடைகளில் ஒன்று கி.மு. முதல் நூற்றாண்டில் ரோமானியர் விட்ருவியஸ் எழுதிய 'டி ஆர்க்கிடெக்சுரா' நூலின் ஏழாம் பகுதியில் இருக்கிறது. ஓதம் உள்ள அறைகளைப் பற்றி அவர் இரண்டு தனித்தனி யோசனைகளைத் தருகிறார். தரையிலிருந்து சுமார் மூன்று அடி உயரத்துக்கு மணலுக்குப் பதில் இடித்த சுட்டமண் தூளைச் சுண்ணாம்பில் கலந்து பூச வேண்டும் என்பது ஒன்று. சுவர் எப்போதும் ஈரமாகவே இருந்தால், அதிலிருந்து சற்றுத் தள்ளி மெல்லிய இரண்டாவது சுவர் எழுப்பி, நடுவில் அறையின் தரைமட்டத்துக்குக் கீழே ஒரு வாய்க்காலும் காற்றுப் போக்குவரத்துக்குத் திறப்புகளும் விட வேண்டும் என்பது மற்றொன்று. முகத்தில் தடுக்கும் கொள்கையும் பின்னால் வடியவிடும் கொள்கையும் அந்த ஒரே அத்தியாயத்தில் அருகருகே நிற்கின்றன.

அவர் சொன்ன சுட்டமண் தூள் நம் கொத்தனார்களுக்கும் அந்நியமல்ல. சுண்ணாம்பில் செங்கல் தூளைச் சேர்க்கும் சுர்க்கிக் காரையின் வேதியியல் அதேதான். சுட்ட களிமண்ணில் உள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரிந்து, ஈரத்திலும் இறுகும் காரையைத் தருகின்றன. மெட்ராஸ் டெரஸ் தளங்களில் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புக் கான்கிரீட்டோடு கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து இடித்து, மேலே தட்டோடு பதித்ததும் இதே மரபைச் சேர்ந்தது. மொராக்கோவின் ஹம்மாம் எனப்படும் குளியல் கூடங்களில் 'ததலக்த்' என்னும் சுண்ணாம்புப் பூச்சைக் கல்லால் தேய்த்து மெருகேற்றி, ஆலிவ் எண்ணெய் சோப்பைப் பூசுகிறார்கள். சோப்பு சுண்ணாம்போடு சேர்ந்து கரையாத கால்சியச் சோப்பாக மாறித் துளைகளை அடைக்கிறது.

இந்தப் பூச்சுகள் தண்ணீரை முழுதாக மறுத்தவை என்று சொல்ல முடியாது. கொஞ்சம் வாங்கி மெல்ல வெளியே விடும் இயல்பு அவற்றுக்கு இருந்தது. சுவரும் அதே இயல்புடைய செங்கல்லும் சுண்ணாம்பும் ஆனதால் சேதம் மெதுவாகத்தான் வந்தது. ஆனால் நல்ல கை வேண்டும், நாள் வேண்டும், இடையிடையே பராமரிப்பு வேண்டும். சுவருக்குள் அழுத்தத்தோடு ஓடும் குழாய்களும் தினமும் இருமுறை ஷவரும் உள்ள அறைக்காக அவை உருவானவை அல்ல.

முகத்திலேயே நிறுத்துவது

இன்றைய பேனலின் முன்னோர்கள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் தோன்றினார்கள். காராரா, விட்ரோலைட் என்ற பெயர்களில் விற்கப்பட்ட நிறமூட்டிய தடித்த கண்ணாடிப் பலகைகள் கடைமுகப்புகளுக்கும் குளியலறைகளுக்கும் போயின. அவற்றைத் தார் கலந்த பசையால் சுவரில் ஒட்டினார்கள். கண்ணாடியைவிடத் தண்ணீருக்கு அசையாத பொருள் கிடைப்பது கடினம். ஆனாலும் அவை விழுந்தன. அமெரிக்கத் தேசியப் பூங்காத் துறை இந்தக் கண்ணாடி முகப்புகளைப் பற்றி வெளியிட்ட பாதுகாப்புக் குறிப்பு அதன் காரணத்தை விளக்குகிறது. இணைப்பில் இட்ட சிமெண்ட் உதிர, ஈரம் பின்னால் நுழைந்து, பசையையும் தாங்கும் இரும்பையும் கெடுத்தது. பேனலின் கதை முழுவதற்கும் இந்த வரிசை பொருந்தும்: முதலில் இணைப்பு, பிறகு பின்புறம், கடைசியில்தான் முகம்.

1920-களில் வில்லியம் மேசன் மரநாரை அழுத்திக் கெட்டிப் பலகை செய்யும் முறையைக் கண்டுபிடித்தபின், எனாமல் பூசி டைல்ஸ் போலக் கோடு அழுத்திய மலிவுப் பலகைகள் வந்தன. வெட்டிய விளிம்பில் தண்ணீர் பட்டதும் அவை உப்பின. இன்றைய எம்டிஎஃப் பேனலுக்கும் இதே பலவீனம் உண்டு. அழுத்தி வைத்த நார் நனைந்தால் விரிகிறது. காய்ந்தபின் பழைய தடிமனுக்குத் திரும்புவதில்லை. பிளைவுட் உள்ளீடு கொண்டவை கூடுதலாகத் தாங்கும். பிவிசி உப்பாது, ஆனால் மலிவான பிவிசிப் பலகைகள் உள்ளே அறைஅறையாகக் கூடானவை. விளிம்பில் நுழையும் தண்ணீர் அந்தக் குழல்களுக்குள் இறங்கித் தேங்கும். வெளியே எதுவும் தெரியாது.

முகத்திலேயே நிறுத்தலாம் என்பவர்களின் வாதத்துக்கு நியாயமான அடிப்படை உண்டு. டைல்ஸ் சுவரில் இணைப்புகள் மிக அதிகம். அவற்றை நிரப்பும் சிமெண்ட் கிரவுட் தண்ணீரை உறிஞ்சும். கணக்குப் போட்டே பார்க்கலாம். 2.4 மீட்டர் அகலமும் அதே உயரமும் உள்ள சுவரில் 60 × 30 செ.மீ. டைல்ஸைக் கிடையாகப் பதித்தால் இணைப்புக் கோடுகளின் மொத்த நீளம் 24 மீட்டர். 1.2 மீட்டர் அகலப் பேனல் இரண்டை நிறுத்தினால் நடுவில் 2.4 மீட்டர் மட்டுமே. பத்தில் ஒரு பங்கு. ஆனால் நம் ஊரில் அதிகம் விற்கும் 25 செ.மீ. அகலப் பிவிசிப் பட்டைகளால் அதே சுவரை மூடினால் ஒன்பது இணைப்புகள், 21.6 மீட்டர். பேனலின் முதன்மையான ஆதாயம் அங்கே ஏறக்குறைய காணாமல் போகிறது. அதோடு டைல்ஸ் இணைப்புக்குப் பின்னால் சிமெண்ட் இருக்கிறது. பட்டை இணைப்புக்குப் பின்னால் பெரும்பாலும் வெற்றிடம்.

இணைப்பு ஏன் தோற்கிறது என்பதற்கான காரணங்களில் முதலாவது நுண்புழை ஏற்றம். நன்றாக நனையும் இரண்டு பரப்புகளுக்கு நடுவே 1 மி.மீ. இடைவெளி இருந்தால் தண்ணீர் தானாகவே சுமார் 15 மி.மீ. மேலேறும். இடைவெளி 0.1 மி.மீ. ஆனால் சுமார் 15 செ.மீ. ஏறும். இறுக்கமாகப் பொருத்தினால் தண்ணீர் போகாது என்ற நம் உள்ளுணர்வுக்கு இது நேர் எதிர். பலகையைத் தரையிலோ ஷவர் தட்டிலோ அழுத்தி உட்கார வைத்தால் அந்த மயிரிழைச் சந்தே தண்ணீரை மேலே இழுக்கும் குழாயாகிவிடும். நல்ல பேனல் தயாரிப்பாளர்கள் அடியில் சில மி.மீ. இடைவெளி விட்டு, வெட்டிய விளிம்பை முழுவதும் சிலிக்கானால் மூடி, பிறகே பொருத்தச் சொல்வது இதற்காகத்தான். அவசர வேலையில் முதலில் தவறிப்போவதும் இந்த விளிம்புதான்.

அடுத்தது அசைவு. பிவிசி ஒரு டிகிரி வெப்ப மாற்றத்துக்கு மீட்டருக்குச் சுமார் 0.06 மி.மீ. நீளும். 2.4 மீட்டர் பலகை 20 டிகிரி மாற்றத்தில் ஏறக்குறைய 3 மி.மீ. நீண்டு சுருங்கும், பீங்கான் டைல்ஸ் அதே நீளத்தில் அதில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் அசையும். ஐஎஸ்ஓ 11600 தரத்தில் 25 என்ற வகுப்பைச் சேர்ந்த சீலன்ட் தன் அகலத்தில் 25 சதவீதம் வரை விரிவையும் சுருக்கத்தையும் தாங்கும். அதாவது 6 மி.மீ. அகல இணைப்பில் 1.5 மி.மீ. பிவிசிப் பலகையின் ஓரத்தில் 2 மி.மீ. கோடாகச் சிலிக்கானைத் தடவி விரலால் வழித்துவிடும் வேலை, எவ்வளவு விலையுயர்ந்த சிலிக்கானாக இருந்தாலும், இந்தக் கணக்கில் நிற்பதில்லை.

குளியல் தொட்டி உள்ள வீடுகளில் இன்னோர் அசைவும் சேர்கிறது. 150 லிட்டர் தண்ணீர் என்பது 150 கிலோ எடை. அதோடு குளிப்பவரின் எடை. அக்ரிலிக் தொட்டியின் விளிம்பு கீழிறங்க, சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே உள்ள சிலிக்கான் இழுபடுகிறது. அதனால்தான் தொட்டியில் தண்ணீரை நிரப்பி வைத்துக்கொண்டு சீலன்ட் போட வேண்டும் என்று பிரிட்டிஷ் பிளம்பர்கள் சொல்கிறார்கள். இணைப்பு விரிந்த நிலையில் சிலிக்கான் இறுகினால், பின்னால் அது இழுபடுவதற்குப் பதில் அழுந்தும்.

சிலிக்கானின் குணங்களும் கவனிக்க வேண்டியவை. புதிய சிலிக்கான் பழைய சிலிக்கானின் மேல் சரியாகப் பிடிக்காது. பழையதைச் சுரண்டி எடுக்காமல் மேலே பூசும் பழுதுபார்ப்பு சில மாதங்களில் உரிவது இதனால். இரண்டு பக்கமும் அடியிலும் ஒட்டிக்கொண்ட சிலிக்கானால் நீள முடியாது, கிழியும்; அடியில் நுரைக்கயிறு வைத்து இரண்டு பக்கம் மட்டும் ஒட்டவிடுவதே முறை. வினிகர் வாடை வரும் வகை, சிமெண்ட் பரப்பிலும் சில உலோகங்களிலும் முகம் பார்க்கும் கண்ணாடியின் வெள்ளிப் பூச்சிலும் தொல்லை தரும். அங்கே நியூட்ரல் வகை வேண்டும். பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கானிலும் அந்த மருந்து காலப்போக்கில் கழுவப்பட்டுப் போகிறது. எப்படிப் பார்த்தாலும் சீலன்ட் என்பது மாற்றிக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். பலகை இருபது ஆண்டு நிற்கலாம். இணைப்பு அத்தனை காலம் நிற்காது.

முகத்தடுப்புக் கொள்கையின் ஆழமான குறை, அதற்கு இரண்டாவது வாய்ப்பு இல்லாதது. இணைப்பு ஓர் இடத்தில் விட்டதும் பின்னால் அதைப் பிடிக்க எதுவும் கிடையாது. விட்டது தெரியவும் நாளாகும். இது சம்பந்தமாகக் கட்டட அறிவியலில் வடிவத்தை முன்வைக்கும் ஒரு விடை உண்டு: ஷவர் தட்டின் அல்லது தொட்டியின் ஓரத்திலேயே மேல்நோக்கிய மடிப்பு ஒன்றை வார்த்து, சுவர்ப் பலகையை அந்த மடிப்புக்கு முன்னால் இறக்கிவிடுவது. ஓட்டுக் கூரையில் மேல் ஓடு கீழ் ஓட்டின் மீது படிவதுபோல, பசை போனாலும் தண்ணீர் தட்டுக்குள்ளேயே விழும். அமெரிக்காவில் சுவர்க்குழிக்குள் பொருத்தும் தொட்டிகளில் இந்த மடிப்பு வழக்கமாக உண்டு. பிரிட்டிஷ் தொட்டிகளில் பொதுவாக இல்லை. தட்டுகளில் கேட்டால் கிடைக்கும். பலகை வகையைத் தேர்ந்தெடுப்பதற்குச் செலவிடும் நேரத்தில் பாதியை இந்த மடிப்புக்குச் செலவிட்டால் சேதங்களில் பெரும்பகுதி வராது என்பது இக்கட்டுரையாளரின் துணிபு.

முகத்துக்குப் பின்னால் ஓர் அடுக்கு

முகம் கசியும் என்று முதலிலேயே ஒப்புக்கொள்ளும் நிலைப்பாடு இது. இதற்கு வழிவகுத்தது அமெரிக்காவின் பச்சைப் பலகை அனுபவம். மரச்சட்டச் சுவரில் ஜிப்சம் பலகை அடித்து அதன்மேல் டைல்ஸ் ஒட்டுவது போருக்குப் பிந்தைய அமெரிக்க வீடுகளில் பரவலானது. ஜிப்சம் தண்ணீரில் கரையும். ஒரு லிட்டரில் 2 கிராமுக்குச் சற்று மேல். முகத்தில் உள்ள காகிதமோ பூஞ்சைக்கு உணவு. மெழுகு கலந்து, பச்சைக் காகிதம் ஒட்டி 'ஈரம் தாங்கும்' வகை வந்தது. கிரவுட் வழியே இறங்கிய தண்ணீரில் அதுவும் சிதைந்தது. 2000-களின் நடுவில் அமெரிக்க மாதிரி வீட்டு விதித்தொகுப்பு, ஷவர் சுவர்களில் டைல்ஸுக்கு அடியில் சிமெண்ட் பலகை போன்றவை வேண்டும் என்று மாற்றியது.

ஆனால் சிமெண்ட் பலகையும் நனையும். நனைந்தாலும் கெடாது, அவ்வளவுதான். பின்னால் உள்ள மரம் கெடும். ஆகவே தடுப்பு அடுக்கு என்பது தனி வேலையாயிற்று. தூரிகையால் பூசும் திரவப் பூச்சுகளும், ஜெர்மனியிலிருந்து பரவிய, இருபுறமும் பஞ்சுநார் ஒட்டிய பாலிஎதிலீன் விரிப்புகளும் வந்தன. ஆஸ்திரேலியாவின் ஏஎஸ் 3740 தரம் ஷவர் பகுதிச் சுவரில் 1800 மி.மீ. உயரம் வரை காப்பு கேட்கிறது. பிரிட்டனின் பிஎஸ் 5385 தரத்தின் 2018 பதிப்பு, ஈரத்தால் கெடக்கூடிய அடிப்பரப்புகளை ஷவர் பகுதிகளில் முதலில் நீர்க்காப்பு செய்யச் சொல்கிறது. மரவீடுகள் நிறைந்த சுவீடனில் தொழில்துறை விதிகளே கண்டிப்பானவை; அனுமதி பெற்ற பணியாளர், பதிவு செய்த வேலை, அங்கீகரித்த பொருள்கள் என்று முறை வகுத்திருக்கிறார்கள்.

இந்த நிலைப்பாட்டிலும் பலவீனம் இணைப்பில்தான் வந்து நிற்கிறது. குழாய் துளைக்கும் இடம், உள்மூலை, தரை வடிகாலின் விளிம்பு ஆகிய மூன்றும் முதலில் தோற்பவை. திரவப் பூச்சில் தடிமன் குறைந்தாலும், முதல் பூச்சு காயுமுன் இரண்டாவதைப் பூசினாலும், பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. குளிர்நாடுகளில் இன்னொரு சிக்கலும் தெரியவந்தது. வெளிச்சுவரில் ஏற்கெனவே நீராவித் தடுப்புப் பாலிதீன் இருக்க, டைல்ஸுக்கு அடியில் இன்னொரு நீர்த்தடுப்பைச் சேர்த்தால், இரண்டுக்கும் நடுவே அகப்பட்ட ஈரம் எந்தப் பக்கமும் காய முடியாது. இரண்டு தடுப்புகள் ஒன்றைவிட மோசமாகும் இடம் அது.

பேனல்காரர்கள் இங்கே ஒரு வாதத்தை வைக்கிறார்கள்: பலகையே நீர்த்தடுப்பு; அதன் அடியில் இன்னோர் அடுக்கு எதற்கு? ஐரோப்பிய அங்கீகார வழிகாட்டியான ஈடிஏஜி 022, இதற்கு நிதானமான ஒரு நிபந்தனையை விதித்தது. இயல்பாகவே நீர்புகாத பலகைகளுக்கென்று அதில் தனிப் பகுதி உண்டு. ஆனால் மதிப்பிடப்படுவது தனிப்பலகை அன்று, பலகையும் இணைப்பும் மூலையும் குழாய்த் துளையும் சேர்ந்த முழு அமைப்பு. இந்த நிபந்தனை சரியானது என்றே தோன்றுகிறது. ஒரு நிறுவனத்தின் பலகை, வேறொன்றின் ஓரப்பட்டை, கடையில் கிடைத்த சிலிக்கான் என்று சேர்த்து ஒட்டிய சுவருக்குப் பலகையின் சான்றிதழ் பொருந்தாது.

உள்ளே வந்ததை வெளியே விடுவது

மூன்றாவது நிலைப்பாடு வெளிச்சுவர் ஆராய்ச்சியிலிருந்து வந்தது. கனடாவின் தேசிய ஆராய்ச்சி மன்றத்துக்காக 1963-இல் ஜி. கே. கார்டன் எழுதிய சிறு கட்டுரை, மழை சுவருக்குள் போக மூன்று நிபந்தனைகள் வேண்டும் என்று வகுத்தது: தண்ணீர், திறப்பு, தண்ணீரை அந்தத் திறப்புக்குள் செலுத்தும் விசை. எல்லாத் திறப்புகளையும் என்றென்றும் மூடிவைக்க முடியாது. விசையைக் குறை, வந்ததை வடியவிடு என்பது அதன் பாதை. 1980, 90-களில் வான்கூவர் அடுக்ககங்கள் மழையில் அழுகி, 1998-இல் பாரெட் ஆணையம் அமைக்கப்பட்டபோது, முகத்தையே நம்பிய சுவர்களின் பலவீனம் பெரிய அளவில் அம்பலமானது.

குளியலறையில் வீசும் காற்றின் அழுத்தம் இல்லை. ஈர்ப்பும் நுண்புழை ஏற்றமும்தான் விசைகள். ஆகவே வேலை எளிதாக வேண்டும். ஷவர் கண்ணாடிச் சட்டத்துக்கு வெளிப்பக்கம் மட்டும் சிலிக்கான் போட்டு உட்பக்கத்தை விட்டுவிடு என்று பல தயாரிப்பாளர்கள் சொல்வது இந்தக் கொள்கைதான். சட்டத்துக்குள் போன தண்ணீர் தட்டுக்கே திரும்பட்டும் என்பது நோக்கம். இரண்டு பக்கமும் அடைத்து, பிறகு ஏன் கசிகிறது என்று குழம்பும் வீடுகள் அநேகம். பேனலுக்கும் இதை நீட்டிக்கலாமா? சட்டம் அடித்துப் பலகையைத் தள்ளி நிறுத்தி, மேலும் கீழும் காற்றுக்கு வழிவிடும் யோசனை விட்ருவியஸின் இரட்டைச் சுவரை நினைவூட்டுகிறது. எதிர்ப்பவர்களின் கேள்வியும் வலுவானது: அந்த இடைவெளிக்குள் வரும் காற்றே குளியலறையின் ஈரக்காற்றானால் அங்கே எது காயும்? வாய்க்காலை வெளியே திறந்துவிட்ட ரோமானியர் இந்தச் சிக்கலை எதிர்பார்த்திருக்கிறார்.

இதோடு ஒட்டிய நான்காவது விடை ஒன்றையும் குறிப்பிட்டுச் செல்லலாம்: இணைப்புகளையே தொழிற்சாலைக்கு அனுப்பிவிடுவது. பக்மின்ஸ்டர் ஃபுல்லர் 1940-இல் காப்புரிமை பெற்ற ஆயத்தக் குளியலறை சந்தைக்கு வரவில்லை. ஆனால் 1964 ஒலிம்பிக்கை ஒட்டி டோக்கியோவின் ஹோட்டல் நியூ ஓட்டானிக்கு டோட்டோ நிறுவனம் தயாரித்த ஆயத்தக் குளியலறைகள் ஜப்பானிய வீடுகளின் வழக்கத்தையே மாற்றின. தரை ஒரே வார்ப்பு. சுவர்ப் பலகைகள் அதன் மடிப்புக்குள் இறங்கும். விலையும், அறையின் அளவு மாறாதிருக்க வேண்டிய கட்டாயமும் இதன் எல்லைகள்.

செங்கல் சுவரில் வந்து சேரும்போது

மேலே சொன்ன விவாதங்களில் பெரும்பாலானவை ஒரு அனுமானத்தில் நிற்கின்றன: சுவர் உலர்ந்தது, தண்ணீர் அறையிலிருந்து சுவரை நோக்கி வருகிறது. தமிழ்நாட்டு வீடுகளில் இந்த அனுமானமே பல நேரங்களில் பொய்க்கிறது.

நாலரை இஞ்ச் செங்கல் சுவரைக் கொத்திக் குழாயைப் புதைத்து, சிமெண்டால் மூடி, ஏழடி உயரத்துக்கு டைல்ஸ் பதித்து, இணைப்பில் ஒயிட் சிமெண்ட் தேய்ப்பது வழக்கமான முறை. 'சங்கன்' எனப்படும் தாழ்த்திய குளியலறைத் தளத்துக்குப் பூச்சு அடித்துத் தண்ணீர் கட்டிவைத்துப் பார்க்கும் பொறியாளர்கள்கூடச் சுவருக்கு அந்த அக்கறையைக் காட்டுவது குறைவு. டைல்ஸின் நடுவில் மட்டும் கலவை வைத்து ஒட்டினால் ஓரங்களில் வெற்றிடம். கிரவுட் வழி இறங்கிய தண்ணீர் அங்கே தங்குகிறது. புதைத்த குழாயின் ஒரு மூட்டு மெல்லக் கசிந்தாலும் சுவர் ஊறிக்கொண்டே இருக்கும். படுக்கையறைப் பக்கம் ஓதம் ஏறி, உப்புப் பூத்து, பெயிண்ட் பொரிகிறது.

அப்போது தீர்வாக முன்வைக்கப்படுவது பெரும்பாலும் பேனல்: குளியலறைப் பக்கம் ஒன்று, சில வீடுகளில் படுக்கையறைப் பக்கமும் ஒன்று. இதைக் கவலையோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஈரச் சுவர் காய்வது அதன் பரப்பு வழியாக. ஒரு பக்கத்தை மூடினால் ஈரம் மற்றப் பக்கம் தள்ளப்படும். இரண்டு பக்கத்தையும் மூடினால் சுவருக்குள் மேலேறும். நிலத்திலிருந்து ஏறும் ஓதத்தில் இது நன்கு அறியப்பட்டது. கண்ணுக்குத் தெரிந்த ஒரே அறிகுறியான பொரிந்த பெயிண்டும் மறைந்துவிடும். மரச்சட்டத்தில் பேனல் அடித்திருந்தால், கரையானுக்கு ஈரமும் இருளும் உணவும் ஒரே இடத்தில் கிடைக்கும். சுவிட்ச் பெட்டி அந்தச் சுவரில் இருந்தால் அபாயம் வேறு வகையானது.

தட்பவெப்பமும் கணக்கை மாற்றுகிறது. லண்டனில் குளிர்ந்த சுவரில் குளியலறை நீராவி படிந்து நீராகும். பேனல் சுவரைவிடச் சற்றுச் சூடான பரப்பைத் தந்து அதைக் குறைக்கவும் கூடும். சென்னையில் 30 டிகிரியில் 75 சதவீத ஈரப்பதம் இருந்தால் பனிநிலை சுமார் 25 டிகிரி. சுவர் அந்த அளவுக்குக் குளிர்வது அரிது. ஆகவே படிவு குறைவு. ஆனால் காற்றே ஈரமாக இருப்பதால் நனைந்த சுவர் காய நாளாகும். உதகையிலும் கொடைக்கானலிலும் நிலைமை ஐரோப்பாவுக்கு அருகில். ஒரே பலகையை ஒரே முறையில் மூன்று இடத்திலும் ஒட்டி ஒரே பலனை எதிர்பார்க்க முடியாது.

அதற்காகப் பேனலே கூடாது என்று சொல்வது மிகையாகும். சுவர் உண்மையிலேயே காய்ந்திருந்து, குழாய்கள் நலமாக இருந்து, பழைய டைல்ஸை உடைக்க வசதியில்லாத வீட்டில் அகலமான பேனல் நியாயமான தேர்வு. அதைத் தீர்மானிக்க இரண்டு எளிய சோதனைகள் உண்டு. கைப்பம்பால் குழாயில் அழுத்தம் ஏற்றிவைத்து, முள் இறங்குகிறதா என்று சில மணி நேரம் பார்ப்பது ஒன்று. ஒன்றரை அடிச் சதுரப் பாலிதீன் தாளைப் பூச்சுச் சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட்டுப் பார்ப்பது மற்றொன்று. கான்கிரீட் பரப்புகளுக்கு அமெரிக்கச் சோதனைத் தரம் ஒன்று வகுத்த முறை இது. தாளின் பின்புறம் வேர்த்திருந்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அந்தச் சுவரைப் பேனலால் மூடுவது நோயை மூடுவது.

தீராத கேள்விகள்

மூன்று நிலைப்பாடுகளில் எதுவும் மற்றவற்றை முழுதாக வென்றதாகச் சொல்ல முடியாது. மரச்சட்டச் சுவருக்குப் பின்னடுக்கு தேவை என்பதில் இன்று கருத்து வேற்றுமை குறைவு. செங்கல் சுவருக்கு அது எந்த அளவு கட்டாயம் என்பதில் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. செங்கல் நனைந்தாலும் அழுகுவதில்லை என்பது ஒரு வாதம், அழுகாவிட்டாலும் ஈரத்தைப் பக்கத்து அறைக்கும் கீழ்வீட்டுக்கும் கடத்துகிறது என்பது எதிர்வாதம். அடுக்ககங்களில் பின்னதற்கே எடை அதிகம் தரவேண்டும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாகவில்லை. பலகைக்கான உத்தரவாதம் பொதுவாகப் பொருளுக்கு மட்டும், தோற்பதோ இணைப்பு. சீலன்டைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெட்டியெடுத்துப் புதிதாகப் போடுவது வீட்டுக்காரரின் பராமரிப்பு வேலையா, வேலை செய்தவரின் கடமையா, விற்றவரின் கடமையா என்று விற்பனையின்போது யாரும் பேசுவதில்லை. இதைப் பேச வைப்பது ஒரு சிக்கனமான சீர்திருத்தமாக அமையும்.

எல்லாவற்றையும்விடக் கடினமானது பழுதுபார்ப்புக்கான வழி. பின்னால் நடப்பதைப் பார்க்க முடிவதே பேனலுக்கு டைல்ஸைவிட மேலான தகுதியைத் தரக்கூடியது; கழற்றிப் பார்த்து, காயவிட்டு, மீண்டும் மாட்டலாம். பசையால் ஒட்டினால் அந்தத் தகுதி போய்விடுகிறது. ஸ்க்ரூவால் மாட்டினால், பின்னால் அடித்த நீர்த்தடுப்பு அடுக்கை ஒவ்வொரு ஸ்க்ரூவும் துளைக்கிறது. துளைக்காமல் மாட்டவும் கிழிக்காமல் கழற்றவும் முடிகிற பொருத்து முறை ஷவர் பகுதிக்கு வெளியே சில வகைகளில் வந்திருக்கிறது. தினமும் தண்ணீர் நேராக விழும் சுவரில், உப்பு ஊறும் செங்கலின் மேல், கோடையும் வடகிழக்குப் பருவமழையும் மாறிமாறி வரும் ஊரில் அது எத்தனை ஆண்டு தாங்கும் என்பதைச் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.